மூடி மட்டும் விற்கும் கடை

ஜூன் 4

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது.

போனை எடுத்து உன் நம்பரைத் தேடி, மறுபடி கீழே வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே போடுவாய். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்தே ஆக வேண்டும்.

கோபம் தீர்ந்துதான் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. கல்யாணப் பந்தியில் அத்தனை பேர் காதில் விழ, "படிச்ச படிப்பு என்ன, பார்த்த வேலை என்ன, இப்போ கம்ப்யூட்டர்ல மூடி விக்கிறாளாம் மூடி!" என்று என் பேத்தியைச் சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில்தான் இருக்கிறது. சாப்பிடாமல் எழுந்து வந்தவள் நான். நீயோ இரண்டாவது தடவை பாயசம் கேட்டாயாம். எனக்குச் சேதி வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி வாண்டு ஆரம்பித்த கடை என்னவென்று நீ அன்றைக்குக் கேட்கவே இல்லை, சிரிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது உனக்கு. கேள். வீட்டில் பாத்திரம் கல்லு மாதிரி இருக்கும், மூடி மட்டும் எங்கேயாவது தொலைந்து போயிருக்கும், இல்லை நசுங்கிப் போயிருக்கும். பாத்திரத்தைத் தூக்கிப் போட மனசு வராது. தட்டை வைத்து மூடுவோம். அந்த மூடியை மட்டும் அளவெடுத்து அடித்துக் கொடுப்பதுதான் இவள் கடை. தகடு அடிக்கிற பட்டறைக்காரர் எந்த அளவு கேட்டாலும் செய்து தருகிறார். ஆர்டர்தான் ஒன்றிரண்டுக்கு மேல் வரவில்லை. போனில் விளம்பரம் போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் கட்டை விரலைக் காட்டினார்களே தவிர மூடி வாங்கவில்லை. போனைப் பார்க்கிற பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கு மூடி இல்லை என்று தெரியாது. தெரிந்தவள் அடுப்படியில் நிற்கிறாள், அவள் போனைப் பார்ப்பதில்லை.

இதற்கிடையில் என் மகன் அவளுடைய பழைய ஆபீஸ் மேனேஜரிடம் பேசி, ஆகஸ்ட் ஒன்றாம் தேதி மறுபடி வந்து சேரச் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டான். "விளையாட்டு போதும்மா. கடையை மூடிட்டுக் கிளம்பு" என்கிறான். அவளும் எதிர்த்துப் பேசாமல் தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. யார் வீட்டில் எந்தப் பாத்திரம் மூடி இல்லாமல் கிடக்கிறதோ, அதைச் சொல்லி அவர்களுக்கே என் கையால் கடிதம் எழுதினால் என்ன? எனக்குத் தெரிந்த சமையலறை கொஞ்சம். உனக்கோ நீ குடியிருக்கிற அந்தக் கட்டடம் முழுக்க அத்துப்படி. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா வேறு நீ. எந்த வீட்டில் எது தட்டு போட்டு மூடியிருக்கிறது என்று பார்த்து எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் கேட்க எனக்கு இஷ்டமே இல்லை. கேட்டுவிட்டேன்.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வாயை மூடிக்கொண்டுதான் படித்தேன். என் வீட்டுக்காரர் "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

முதலில் ஒன்று. அன்றைக்கு நான் கேட்டது பாயசம் இல்லை, தண்ணீர். உனக்குச் சேதி சொன்னவளுக்குக் கண்ணாடி மாற்றச் சொல்.

இரண்டாவது, அவள் என்னுடைய பேத்தியும்தான். நீ பெற்ற மகனுக்குப் பிறந்ததால் உனக்கு மட்டும் பட்டா எழுதி வைத்திருக்கிறதா? நல்ல வேலையை விட்டுவிட்டாளே என்ற வயிற்றெரிச்சலில் வந்த பேச்சு அது. சொன்னது சொன்னதுதான்.

மூன்றாவது, அடுத்தவர் அடுப்படியை வேவு பார்க்கிற வேலையை என்னிடம் சொல்கிறாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருஷம் உட்கார்ந்து, எத்தனை பேர் பேச்சு காதில் விழுந்தும் ஒன்றையும் வெளியே விடாதவள் நான். என்னால் முடியாது.

முடியாது என்று எழுதிவிட்டு மூன்று நாள் இந்தக் காகிதத்தை அப்படியே வைத்திருந்தேன். நேற்று தண்ணீர் மோட்டார் விஷயமாகச் சில வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டா போக முடியும்? மேல் மாடி நர்ஸ் வீட்டில் பால் குண்டானுக்கு மேலே பிளாஸ்டிக் தட்டு, அதுவும் ஓரம் உருகியது. எதிர் வீட்டு வக்கீல் அம்மா பெரிய டப்பாவைச் செய்தித்தாளால் மூடி ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறாள். கீழ்வீட்டுப் புது மருமகள் மாமியாருடைய அடுக்குப் பாத்திரத்தில் மூன்றாவதின் மூடியைத் தொலைத்துவிட்டு, மாமியார் ஊரிலிருந்து வருவதற்குள் என்ன செய்வது என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். மொட்டை மாடி வீட்டு டிரைவர் தம்பியின் கெட்டிலுக்கு ஒரு டம்ளர்தான் மூடி. இன்னும் சில வீடுகளைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பின்னால் பார்.

என் பெயரை எங்கேயும் எழுதாதே.

தங்கை


ஜூன் 18

தங்கச்சிக்கு,

உன் பெயரை எழுதவில்லை. "உங்கள் கட்டடத்தில் எல்லாம் தெரிந்த ஒருவர் சொன்னார்" என்று மட்டும் எழுதினேன். கண்டுபிடிக்கவா போகிறார்கள்?

ஒவ்வொரு கடிதமும் வேறு வேறு. நர்ஸம்மாவுக்கு எழுதினேன்: "இரவு வேலை முடிந்து வந்து பால் காய்ச்சும்போது அந்த உருகிய தட்டைத்தான் எடுக்கிறீர்களாமே. ஊரார் உடம்பைப் பார்க்கிறவர் உங்கள் உடம்பையும் பாருங்கள். என் பேத்தி மூடி செய்கிறாள்." புது மருமகளுக்கு: "பயப்படாதே கண்ணு. உன் மாமியாரும் ஒரு காலத்தில் எதையாவது தொலைத்தவர்தான். அவர் வருவதற்குள் மூடி வந்துவிடும்." எல்லாவற்றுக்கும் கீழே ஒரே விஷயம்: பாத்திரத்தைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்து, சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புங்கள். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் போன் நம்பரும் எழுதுங்கள், பணம் கட்டுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதற்கும் கீழே கடையின் ஆன்லைன் விலாசத்தைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதினேன். கை வலித்தது. வலித்தால் என்ன.

வாண்டுவிடம் சொல்லாமல்தான் செய்தேன். நான்கு நாள் கழித்துத் தபால்காரர் ஒரு கத்தை உறையைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பிரித்தால் வட்டம் வட்டமாகக் காகிதம்.

"பாட்டி, என்ன இது? நான் நடத்துறது ஆன்லைன் கடை. நீ போஸ்ட்ல நடத்துறியா?"

"நான் எங்கடி நடத்துறேன்? ஆள் கூப்பிட்டேன். வர்றவங்க எந்த வாசல் வழியா வந்தா உனக்கென்ன?"

ஒரு வட்டத்தை எடுத்து, ஓரத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். "இது நர்ஸ் வீட்டு குண்டானா?" என்றாள். குரலில் பழைய வாண்டு எட்டிப் பார்த்தது. அன்று மாலையே பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள். மூடிகள் இந்த மாதத்துக்குள் உங்கள் கட்டடத்துக்கு வந்துவிடும். நீயும் போய்ப் பார். முகத்தை மட்டும் அப்படி வைத்துக்கொள்ளாதே, எப்படி என்று உனக்கே தெரியும்.

அக்கா


ஜூலை 3

அக்கா,

மூடி வந்தது. என் மானம் போனது.

ஒன்றுகூட உட்காரவில்லை. நர்ஸ் வீட்டில் மூடி உள்ளே இறங்காமல் குண்டானுக்கு மேலே வழுக்கிக்கொண்டு ஆடுகிறது. வக்கீல் அம்மா என் வீட்டு வாசலில் நின்று, "எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னாங்களாம், யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் மோட்டார் கட்டணத்தைப் பற்றிப் பேசி அனுப்பி வைத்தேன். அந்தப் புது மருமகள் கண்ணில் தண்ணீரோடு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆன்ட்டி, சுத்தியால தட்டினா சரியாயிடுமா?" என்கிறாள். லிஃப்டில் நான் ஏறினால் பேச்சு நிற்கிறது. இறங்கினால் சிரிப்பு கேட்கிறது.

வேவு பார்த்த பட்டம் எனக்கு, சொதப்பிய மூடி உன் பேத்திக்கு. இதற்குத்தான் அக்காவும் தங்கையும் பேசாமல் இருந்தோம். அப்படியே இருந்திருக்கலாம்.

தங்கை


ஜூலை 7

தங்கச்சிக்கு,

திட்டு. இன்னும் இரண்டு பக்கம் திட்டியிருக்கலாம், உனக்குக் காகிதம் போதவில்லை போலிருக்கிறது.

தப்பு பட்டறையில் இல்லை, வாண்டு மேலும் இல்லை. என் வீட்டுக் குண்டானைக் கவிழ்த்து வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் அப்படியே எழுதிவிட்டேன். என் குண்டானுக்கு விளிம்பு மெல்லிசு. உங்கள் கட்டடத்துப் பாத்திரங்களுக்கெல்லாம் விளிம்பை வெளியே மடித்து அடித்திருக்கிறது. பென்சில் அந்த மடிப்புக்கு வெளியே சுற்றிவிட்டது. மூடி இறங்க வேண்டியது உள்பக்கம். உள்பக்கத்தைக் கவிழ்த்து வைத்து எப்படி அளப்பது? பட்டறைக்காரர், "உள்ளளவு கொண்டாங்க, நாளைக்கே தர்றேன்" என்கிறார். ஸ்கேல் வைத்து அளக்கச் சொன்னால் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். அதற்கு முன்னால் ஆன்லைனில் வந்த ஒன்றிரண்டு ஆர்டரும் இப்படித்தான் திரும்பி வந்தது.

வாண்டு எல்லாருக்கும் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டாள். பிறகு என் மகன் முன்னால் உட்கார்ந்து மேனேஜருக்குப் போன் போட்டு, "ஒண்ணாம் தேதி வந்துடறேன் சார்" என்று சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "நீ எழுதின கடிதமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு பாட்டி" என்றாள். ஆறுதல் சொன்னாளாம். எனக்கு ஆறுதல் எதற்கு? கட்டில் மேல் இன்னும் எழுதாத உறைகள் கிடக்கின்றன. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அந்த மருமகள் பெண்ணிடம் மாமியார் எப்போது வருகிறார் என்று மட்டும் கேட்டு எழுது.

அக்கா


ஜூலை 11

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், தபால் வரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். சொன்னால் உனக்குப் புரியாது, உள்ளே இருக்கும் காகிதத்தைப் பார்த்தால்தான் புரியும்.

நேற்று நர்ஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். சண்டைக்கு இல்லை. பணம் திரும்பி வந்ததா என்று கேட்கப் போனேன். அவள் பாலைக் காய்ச்சி இறக்கி, உன் பேத்தியின் மூடி உட்காரவில்லை என்பதால் செய்தித்தாளை மடித்து மேலே போட்டு, அதன் மேல் ஒரு துணியை அழுத்தி வைத்தாள். மோட்டார், சங்கம், சம்பளம் என்று பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவள் துணியை எடுத்துவிட்டுக் காகிதத்தைத் தூக்கினாள். நான் அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, சுட்டுடுச்சா?"

"அந்தக் காகிதத்தைக் கசக்காத! குடு இப்படி!"

ஆவி பட்டுக் காகிதம் நனைந்து இளகி, விளிம்பு அப்படியே பதிந்திருக்கிறது அக்கா. ஒரு கோடு இல்லை, இரண்டு கோடு. மடிப்பின் வெளிக்கோடு ஒன்று, உள்கோடு ஒன்று. காய்ந்த பிறகும் போகவில்லை. பென்சிலும் வேண்டாம் ஸ்கேலும் வேண்டாம். பாத்திரத்தில் பாதி வெந்நீர், மேலே காகிதம், அதற்கு மேல் துணியை வைத்து உள்ளங்கையால் சுற்றி அழுத்தினால் போதும்.

நேற்றே ஒவ்வொரு வீடாகப் போனேன். வேவு பார்த்தது நான்தான் என்று நானே சொல்லிவிட்டேன். ஒளிந்து திரிவது என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீல் அம்மா, "அதான் தெரியுமே" என்றபடி கெட்டிலில் தண்ணீர் வைத்தாள். பதினோரு காகிதம் இதற்குள் இருக்கிறது. முதலில் அந்த மருமகளுடையதைச் செய்யச் சொல். மாமியார் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

தங்கை


ஜூலை 22

தங்கச்சிக்கு,

உன் காகிதங்களை நான் மேஜையில் பரப்பியதும் வாண்டு வந்து விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தாள். தடவிவிட்டு, "பாட்டி, இதைக் கண்டுபிடிச்சது அந்த வாயாடிப் பாட்டியா?" என்றாள். நான் ஆமாம் என்றேன். கோபித்துக்கொள்ளாதே, அவள் வாயில் அது செல்லப் பெயர்தான்.

மூடிகள் உட்கார்ந்துவிட்டன என்று நீ போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டது. மாமியார் வந்து அடுக்கை எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணாவது மூடி மட்டும் எப்படிடி இவ்வளவு பளபளன்னு இருக்கு?" என்று கேட்டதற்கு அந்தப் பெண், "நல்லா தேய்ச்சேன் அத்தை" என்றாளாமே. பிழைத்துக்கொள்வாள்.

இப்போது நான் எழுதுகிற கடிதத்தில் வெந்நீர், காகிதம், உள்ளங்கை எல்லாம் வரிசையாக வருகிறது. ஒருத்திக்கு எழுதினால் அவள் அச்சு எடுத்து அனுப்புவதோடு, தன் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் சொல்லிவிடுகிறாள். காகிதத்தின் மூலையில் பிள்ளைகளின் போன் நம்பர் இருக்கிறது. வாண்டு அந்த நம்பருக்குக் கடையைத் திறக்கிற வழியை அனுப்புகிறாள். எங்கேயோ இருக்கிற மகனும் மகளும் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறார்கள். ஒருவன் எழுதியிருந்தான்: "எங்க அம்மா என்கிட்ட எதுவுமே கேட்க மாட்டாங்க. முதல் தடவையா ஒரு மூடி கேட்டிருக்காங்க. நல்லதா அனுப்புங்க." அதைப் படித்துவிட்டு வாண்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஆனால் என் மகன் அசையவில்லை. "ஒரு கட்டடத்துல நடந்தா அது வியாபாரமா? இந்த ஆட்டம் ஒரு மாசம்தான்" என்கிறான். அவளோ, "சொன்ன வார்த்தை மாறக் கூடாது பாட்டி" என்று ஆபீஸ் உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். நான் அந்த உடுப்பைப் பார்க்காமல் சுற்றிப் போகிறேன்.

ஒரு கட்டடம் போதாது தங்கச்சி.

அக்கா


ஜூலை 27

அக்கா,

ஒரு கட்டடம்தான் என்று உன் மகன் சொன்னானா? நான் யார் என்று அவனுக்கு மறந்துவிட்டது.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு உட்கார்ந்தவர்கள் ஊருக்கு ஒருத்தியாக இருக்கிறார்கள். யார் உயிரோடு இருக்கிறாள், யார் மகளோடு போய்விட்டாள் என்று ஒவ்வொருத்தியாகத் தேடிக் கூப்பிட்டேன். "நம்பர் ப்ளீஸ்" என்று ஆரம்பித்ததுமே, "அடிப்பாவி, நீயா!" என்று கத்துகிறார்கள். முதல் பத்து நிமிஷம் முழங்கால் வலி, அடுத்த பத்து நிமிஷம் மருமகள், அதற்குப் பிறகு நான் மெல்லக் கேட்பேன்: "உன் வீட்டுல எதையாவது தட்டு போட்டு மூடி வெச்சிருக்கியா?" இல்லை என்று இதுவரை ஒருத்தியும் சொல்லவில்லை. அவரவர் தெருவுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எப்படி எழுத வேண்டும் என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சூப்பர்வைசராக இருந்தவள், "உங்க அக்கா எழுதினதுல ஒரு வார்த்தைகூட மாத்தக் கூடாது" என்றாள். தலைக்கு ஏற்றிக்கொள்ளாதே.

உன் மகனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே. தபால்காரருக்கு மட்டும் சொல்லி வை, பாவம்.

இன்னொன்று. எதிர் வீட்டு வக்கீல் அம்மா, "அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "என் பேத்தி. மூடி விக்கிறா" என்றேன். லிஃப்டில் ஆறு பேர் இருந்தார்கள்.

தங்கை


ஆகஸ்ட் 2

என் தங்கச்சிக்கு,

நேற்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். குறுக்கே பேசாதே.

காலையில் வாண்டு அந்த இஸ்திரி போட்ட உடுப்பில் வந்து நின்றாள். என் மகன் வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது தபால்காரர் வந்தார். வழக்கமாகக் கத்தையைக் கையில் நீட்டுகிறவர், சைக்கிளை நிறுத்தி ஒரு கோணியைத் தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் இறக்கினார். "அம்மா, எங்க ஆபீஸ்ல என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க. ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோணியிலிருந்து உறைகள் சரிந்தன. எனக்குத் தெரியாத ஊர், தெரியாத கையெழுத்து. உன் ஆட்கள்தான். அதே நேரம் வாண்டுவின் போன் மேஜை மேல் கிடந்து நிற்காமல் சத்தம் போட ஆரம்பித்தது. அதுவும் ஆர்டர்தானாம்.

அவள் கோணியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டாள். "சார், நான் வரல. சொன்ன வார்த்தையை மாத்துறேன், மன்னிச்சுக்குங்க." அந்தப் பக்கம் என்ன கேட்டாரோ, நிமிர்ந்து நின்று, "ஆமா சார், மூடிதான்" என்றாள். தங்கச்சி, அந்த மூன்று வார்த்தையை நீ கேட்டிருக்க வேண்டும். ராணி மாதிரி சொன்னாள்.

வாசலில் ஹாரன் நிற்கவில்லை. அவள் வெளியே போய், "அப்பா, போகலாம். ஆபீஸுக்கு இல்ல, போஸ்ட் ஆபீஸுக்கு" என்றாள். முந்தின நாள் கட்டி வைத்த பார்சல்களை அவன் பதில் சொல்வதற்குள் ஸ்கூட்டரின் முன்னாலும் பின்னாலும் அடுக்கிவிட்டாள். அவளுக்கு உட்காரவே இடம் இல்லை. "நீங்க போங்கப்பா, நான் அடுத்த நடைக்கு எடுத்து வைக்கிறேன்" என்றாள். முனகிக்கொண்டே போனான்.

போனவன் வரவில்லை. வெகு நேரம் வரவில்லை. அவள் பயந்து நடந்தே போனாள். அங்கே பார்த்ததை வந்து நடித்தே காட்டினாள், நான் அப்படியே எழுதுகிறேன்.

கவுன்ட்டர் அம்மா இவனிடம் கேட்டிருக்கிறாள்: "ஒரே விலாசத்துல இருந்து தினமும் இத்தனை பார்சல், என்ன சார் இது? நீங்க என்ன வேலை பண்றீங்க?"

"என் வேலை இல்லைங்க. என் பொண்ணு கடை."

கடை என்று இதுவரை அவன் வாயால் சொன்னதே இல்லை. ஆட்டம் என்பான், விளையாட்டு என்பான்.

"என்ன கடை?"

"மூடி. மூடி மட்டும்."

"ஐயோ சார், எங்க வீட்டு டப்பா ஒண்ணு, ரெண்டு வருஷமா மூடி இல்லாம கிடக்கு. அளவு எப்படிக் குடுக்கிறது?"

வாண்டு உள்ளே நுழைந்தபோது என் மகன் கவுன்ட்டரை விட்டு நகரவில்லையாம். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கோந்து டப்பாவின் மேல் ஒரு காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "விரலால அழுத்தாதீங்க, கோடு விட்டுப் போகும். வெந்நீர் ஆவி நல்லா ஏறட்டும். துணியைப் போட்டு உள்ளங்கையால, இப்படி, சுத்தி வரணும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறானாம். வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தன் கையைக் காற்றில் அப்படியே சுற்றிப் பார்க்கிறாராம்.

அக்கா